பயாப்ஸியும் ரேடியோ சர்ஜரியும் ஒரே திட்டத்தில்: மூளைக் கட்டிக்கான முழுமையான வழிகாட்டி

ஸ்கேனில் ஒரே ஒரு கட்டி தெரிகிறது. சுமார் 2 சென்டிமீட்டர். மூளையின் ஆழத்தில், மண்டையைத் திறந்து எடுத்தால் பேச்சோ கைகாலோ போய்விடும் என்கிற இடத்தில் இருக்கிறது. நியூரோ சர்ஜன் சொல்கிறார்: “ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்துடலாம்மா. பரவின கட்டிதான்னு வந்துச்சுன்னா, அதே ஃப்ரேமோட ரேடியோ சர்ஜரியும் அன்னைக்கே கொடுத்துடலாம்.”

இதைக் கேட்டதும் வீட்டில் இருப்பவர்கள் குழம்பிப்போவது இயல்புதான். பரவின கட்டி என்றால் உடலில் வேறெங்கோ உள்ள புற்றுநோயிலிருந்து மூளைக்கு வந்தது. கதிர்தான் கொடுக்கப் போகிறார்கள் என்றால் ஊசி எதற்கு? ஊசி போடுவதென்றால் முடிவு வரும்வரை ஏன் காத்திருக்கக் கூடாது? இரண்டும் ஒரே நாளில் சரிப்படுமா? இந்தக் கேள்விகளோடு மருத்துவர் முன்னால் உட்காரப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நோயாளியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் மருத்துவர். அவரிடம் எதைக் கேட்க வேண்டும், அவர் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்பது தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசியையும் கதிரையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவருவது பலருக்கு நல்லது. ஆனால் இரண்டுக்கும் நடுவில், சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் பேத்தாலஜிஸ்ட்டின் பதில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் பதில் தெளிவாக இல்லையென்றால், ஃப்ரேம் தலையில் மாட்டியிருந்தாலும் சரி, மெஷின் தயாராக இருந்தாலும் சரி, கதிர் கொடுக்கக் கூடாது.

இரண்டு வேலையும் எப்படிச் சேருகின்றன

இங்கே பயாப்ஸி என்பது ஸ்டீரியோடாக்டிக் ஊசி பயாப்ஸி. மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு, அதன் வழியாகச் சுமார் 2 மில்லிமீட்டர் பருமனுள்ள ஊசியை, ஸ்கேன் படத்தில் கணக்கிட்ட புள்ளிவரை இறக்குவார்கள். ஊசியின் பக்கவாட்டில் ஒரு சிறிய ஜன்னல் இருக்கும். லேசாக உறிஞ்சும்போது அந்த ஜன்னலுக்குள் வரும் சதையை, உள்குழாயைத் திருப்பி வெட்டி எடுப்பார்கள். நூல் துண்டு போல ஒரு சதைத் துணுக்கு வெளியே வரும்.

ரேடியோ சர்ஜரியில் பெயரில்தான் சர்ஜரி, கத்தி கிடையாது. பல மெல்லிய கதிர்கள் வெவ்வேறு திசையிலிருந்து வந்து ஒரே புள்ளியில் கூடும். தனித்தனியாக ஒவ்வொரு கதிரும் மூளைக்குப் பெரிய கெடுதல் செய்யாது. கூடும் இடத்தில் மட்டும் கட்டியைச் சாகடிக்கும் அளவு சேரும். காமா நைஃப் மெஷினின் பழைய மாடல்களில் 201 கோபால்ட்-60 மூலங்கள் இருந்தன. 2006-க்குப் பின் வந்தவற்றில் 192. சைபர் நைஃபில் சிறிய லினாக் (மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் கருவி) ஒன்று ரோபோ கையின் முனையில் இருந்து தலையைச் சுற்றி வரும். சாதாரண லினாக்கிலும் தகுந்த கருவிகளோடு இதைச் செய்யலாம். நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் வழக்கமான ரேடியேஷன் வாரக்கணக்கில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கப்படுவது. ரேடியோ சர்ஜரி ஒரே தடவையில், அல்லது அதிகம் போனால் ஐந்து தடவையில் முடிந்துவிடும்.

இரண்டுக்கும் அடிப்படை ஒரே கணக்குதான். தலையில் அசையாமல் ஒரு சட்டத்தை, அதாவது ஃப்ரேமை, பொருத்திவிட்டால், மூளைக்குள் உள்ள எந்தப் புள்ளியையும் மூன்று எண்களால் சொல்லிவிடலாம். ஸ்வீடனின் நியூரோ சர்ஜன் லார்ஸ் லெக்ஸெல் 1949-ல் தன் சட்டத்தை வெளியிட்டார். ஊசி போகும் அதே புள்ளிக்குக் கதிரையும் அனுப்பலாமே என்று யோசித்து 1951-ல் ரேடியோ சர்ஜரி என்ற கருத்தை முன்வைத்தார். முதல் காமா நைஃப் 1967-ல் வந்தது. சட்டம் வைத்து மூளைக்குள் புள்ளி குறிப்பது சென்னைக்கும் புதிதில்லை. பி. ராமமூர்த்தி 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூளை நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அவரும் வி. பாலசுப்பிரமணியமும் டி. எஸ். கனகாவும் 1960-களிலேயே இங்கே ஸ்டீரியோடாக்டிக் அறுவைகளைச் செய்தவர்கள். எம்.ஆர்.ஐ. என்ற வசதியே இல்லாத காலம் அது.

படி 1: பயாப்ஸி உண்மையிலேயே தேவையா?

இந்த ஒரு கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பேன்.

தேவைப்படாத சூழல்கள் பல உண்டு. காது நரம்பில் வரும் ஷ்வானோமா, மூளை உறையில் ஒட்டிய வழக்கமான மெனிஞ்சியோமா போன்றவை எம்.ஆர்.ஐ.யிலேயே முகம் காட்டிவிடும். பிட்யூட்டரி கட்டியை ஹார்மோன் பரிசோதனையும் ஸ்கேனும் சேர்ந்து சொல்லிவிடும். இரத்தக் குழாய்ச் சிக்கலான ஏ.வி.எம். என்றால் ஊசியே ஆபத்து. அதற்குப் பயாப்ஸி கிடையாது. ஏற்கெனவே நுரையீரலிலோ மார்பகத்திலோ புற்றுநோய் உறுதியாகி, மூளையில் நான்கைந்து சின்னக் கட்டிகள் வழக்கமான தோற்றத்தில் இருந்தால், பெரும்பாலும் நேரே ரேடியோ சர்ஜரிதான்.

சிக்கல் ஒற்றைக் கட்டியில்தான். 1990-ல் பாட்செல் குழுவினர் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் சேர்ந்த 54 பேரும் உடலில் வேறெங்கோ புற்றுநோய் உள்ளவர்கள். மூளையில் ஒரே கட்டி. ஸ்கேனைப் பார்த்தால் பரவிய கட்டி என்றே தோன்றியது. சதை எடுத்துப் பார்த்தபோது 6 பேருக்கு, அதாவது 11 சதவீதம் பேருக்கு, அது பரவிய கட்டியே இல்லை. மூளையிலேயே தோன்றிய வேறு கட்டிகளும், தொற்று, அழற்சி போன்றவையும் அதில் இருந்தன. அன்றைக்கு ஸ்கேன்கள் இன்றைப் போல் நுட்பமானவை அல்ல என்பது உண்மை. ஆனாலும் புற்றுநோய் இருக்கிறவருக்கு மூளையில் வருவதெல்லாம் புற்றுநோய்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற பாடம் மாறவில்லை.

நம் நாட்டில் இந்தச் சந்தேகத்துக்குக் கூடுதல் காரணங்கள் உண்டு. மூளைக் காசநோய்க் கட்டியான டியூபர்குலோமா ஸ்கேனில் வளையமாக ஒளிரும். பரவிய கட்டியும் அப்படியே ஒளிரும். நாடாப்புழுவின் இளம்புழுப் பருவம் மூளையில் தங்கி வரும் சிஸ்டிசர்கோஸிஸும் அப்படித்தான். வலிப்போடு வந்து, ஸ்கேனில் 2 சென்டிமீட்டருக்கும் குறைவான ஒற்றை வளையம் காட்டிய இந்திய நோயாளிகளை வேலூர் சி.எம்.சி.யில் வி. ராஜசேகர், மேத்யூ சாண்டி போன்றவர்கள் ஆராய்ந்தார்கள். காசநோய் என்று கருதி மருந்து கொடுக்கப்பட்டு வந்தவற்றில் பல உண்மையில் சிஸ்டிசர்கஸ் என்பதும், பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும் என்பதும் தெரிந்தது. எந்த நோயாளிக்கு ஊசியே தேவையில்லாமல் காத்திருந்து பார்க்கலாம் என்பதற்கு அவர்கள் வகுத்த அளவுகோல் இன்றும் உதவுகிறது. இப்படிப்பட்ட ஒருவருக்கு 20 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) கதிரைச் செலுத்திவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் பயாப்ஸி கேட்க வேண்டிய இடங்கள் இவை: உடலில் வேறெங்கும் புற்றுநோய் தெரியாத ஒற்றைக் கட்டி, பல வருஷம் முன்பு குணமான புற்றுநோய்க்குப் பின் திடீரெனத் தோன்றிய கட்டி, லிம்ஃபோமா என்ற நிணநீர்ச் செல் புற்றுநோய்ச் சந்தேகம், தொற்றுச் சந்தேகம், ஏற்கெனவே கதிர் கொடுத்த இடத்தில் மறுபடி வளரும் ஒன்று. மூளையின் நடு ஆழத்திலுள்ள பீனியல் பகுதியில், குறிப்பாகப் பதின்வயதுப் பையன்களுக்கு, கட்டி இருந்தால் முதலில் இரத்தத்திலும் மூளைத் தண்டுவட நீரிலும் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்ற கட்டி அடையாளப் பொருட்களைப் பார்க்க வேண்டும். அவை தெளிவாக உயர்ந்திருந்தால் ஊசியே வேண்டாமல் போகலாம்.

படி 2: ஊசிக்கு முன்னால் முடிக்க வேண்டியவை

முதலில், மூளையைவிட எளிதாகச் சதை கிடைக்கும் இடம் உடலில் இருக்கிறதா என்று தேட வேண்டும். மார்பு, வயிறு சி.டி. அல்லது பெட் ஸ்கேன் எடுத்தால் கழுத்தில் ஒரு நெறிக்கட்டியோ நுரையீரலில் ஒரு புள்ளியோ தெரியலாம். அங்கே ஊசி போட்டால் மூளையைத் தொடாமலே பதில் கிடைக்கும். இதைச் செய்யாமல் நேரே தலைக்கு வந்தால், “உடம்பு முழுக்கப் பார்த்துட்டீங்களா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.

எம்.ஆர்.ஐ.யிலும் சில கூடுதல் படங்கள் உதவும். சீழ்க்கட்டி டிஃப்யூஷன் படத்தில் பளிச்சென்று தெரியும். டியூபர்குலோமாவுக்கு, திசுவின் ரசாயனத்தைக் காட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோப்பியில் கொழுப்பின் முகடு உயர்ந்து காட்டும். எதுவும் முழு உறுதி இல்லை, ஆனால் சந்தேகத்தை ஒரு பக்கம் சாய்க்கும். எச்.ஐ.வி. பரிசோதனையும், தேவைப்பட்டால் சளிப் பரிசோதனையும் சேர வேண்டும்.

அப்புறம் டெக்ஸா. மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் சில மணி நேரத்திலேயே தலைவலி குறைந்து நோயாளி தெளிந்துவிடுவார். அதனால் அவசரப் பிரிவில் கை தானாக அதை நோக்கிப் போகும். ஆனால் கட்டி லிம்ஃபோமாவாக இருந்தால், ஸ்டீராய்டே அந்தச் செல்களைக் கொன்றுவிடும். ஸ்கேனில் கட்டி சுருங்கும், சில சமயம் மறைந்தே போகும். ஊசியில் வருவது செத்த செல்கள்தான். பேத்தாலஜிஸ்ட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. சில வாரத்தில் கட்டி திரும்பி வரும். லிம்ஃபோமா சந்தேகம் இருந்தால், நோயாளியின் நிலை தாங்கும்வரை, சதை எடுத்த பிறகுதான் ஸ்டீராய்டு. நினைவு தப்பும் அளவுக்கு வீக்கம் இருந்தால் உயிர்தான் முதலில். அப்போது காத்திருக்கக் கூடாது.

இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றை வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்துவார்கள். வார்ஃபரினுக்கும் புதிய மருந்துகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. இதய ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாக எதையும் நிறுத்தக் கூடாது, இதய மருத்துவர் சொன்ன பிறகுதான். பிளேட்லெட் எண்ணிக்கையும் உறைதல் நேரமும் பார்க்காமல் யாரும் ஊசி போட மாட்டார்கள். வயதானவர்கள் ‘நாட்டு மருந்துதானே’ என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அதையும் சொல்ல வைத்துவிடுங்கள்.

படி 3: ஒரே நாளா, தனித்தனி நாளா?

ஒரே ஃப்ரேமில் ஒரே நாள் என்ற முறை யாருக்குப் பொருந்தும்? கட்டி 3 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பரவிய கட்டியாக இருக்கவே அதிக வாய்ப்பு என்று ஸ்கேன் சொல்ல வேண்டும். ஊசி எடுத்த கொஞ்ச நேரத்திலேயே பதில் சொல்லக்கூடிய நியூரோ பேத்தாலஜிஸ்ட் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். ரேடியோ சர்ஜரி மெஷினும் அங்கேயே இருக்க வேண்டும். இதில் எது குறைந்தாலும் ஒரே நாள் என்ற யோசனையை விட்டுவிடலாம். இத்தனையும் சேர்ந்தால் நோயாளிக்கு ஃப்ரேம் மாட்டும் வலி ஒரு தடவைதான். மறுபடி அட்மிஷன் கிடையாது. உடலுக்கான கீமோவைச் சீக்கிரம் தொடங்கலாம்.

தனித்தனி நாள் என்றால் முதலில் பயாப்ஸி. முழு ரிப்போர்ட் வர வழக்கமாக ஒரு வாரம், சில பரிசோதனைகளுக்கு அதற்கும் மேல். அதன் பிறகு ரேடியோ சர்ஜரி. முன்பெல்லாம் இதற்கு இரண்டாவது தடவை ஃப்ரேம் மாட்ட வேண்டும் என்பதால்தான் ஒரே நாள் முறைக்கு அவ்வளவு ஈர்ப்பு இருந்தது. இப்போது சைபர் நைஃப், லினாக், 2015-ல் வந்த காமா நைஃப் ஐக்கான் எல்லாவற்றிலும் முகத்தில் பிளாஸ்டிக் மாஸ்க் போட்டே கதிர் கொடுக்கலாம். ஆகவே மாஸ்க் வசதியுள்ள இடத்தில் ஒரே நாளில் முடித்தே ஆக வேண்டும் என்ற காரணம் பெரிதும் குறைந்துவிட்டது. என்னைக் கேட்டால், சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் இந்த வழிதான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பரவிய கட்டிகள் வேகமாக வளரும் என்பதால், கதிருக்கான திட்டத்தைப் பழைய எம்.ஆர்.ஐ.யில் போடாமல் புதிதாக எடுத்த படத்தில் போட வேண்டும்.

மூன்றாவது ஒரு வழி நீர்க்கட்டிக்கு. பரவிய கட்டி சில சமயம் நடுவில் திரவம் சேர்ந்து பெரிதாகிவிடும். சதைப் பகுதி கொஞ்சம்தான், ஆனால் மொத்த அளவு ரேடியோ சர்ஜரியின் எல்லையைத் தாண்டிவிடும். அப்போது ஊசியால் திரவத்தை உறிஞ்சி எடுத்து, கட்டி சுருங்கிய பிறகு கதிர் கொடுப்பார்கள். அதே ஊசியில் சுவரிலிருந்து சதையும் கிடைக்கும். அழுத்தம் குறைவதால் நோயாளிக்கும் உடனே நிம்மதி. இங்கே மட்டும் உறிஞ்சிய பிறகு மறுபடி ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் கட்டியின் வடிவமே மாறிப்போயிருக்கும்.

கட்டி 3 சென்டிமீட்டருக்கு மேல், பக்கத்து மூளையைத் தள்ளிக்கொண்டு, எட்டும் இடத்தில் இருந்தால் இந்த விவாதமே வேண்டாம். திறந்து எடுப்பதே பயாப்ஸியும் சிகிச்சையும். பிறகு அந்தக் குழிக்கு ரேடியோ சர்ஜரி.

படி 4: அந்த நாள்

ஒரே நாள் முறை என்றால் காலை சீக்கிரமே தொடங்கும். நெற்றியில் இரண்டு, பின்மண்டையில் இரண்டு இடத்தில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். நோயாளிகள் பலரும் அன்றைக்கு அதிகம் வலித்தது இந்த ஊசிகள்தான் என்பார்கள். பிறகு நான்கு திருகாணிகள் தோலைத் தாண்டி எலும்பின் மேற்பரப்பில் ஊன்றும். சில நிமிஷங்களுக்குத் தலையை யாரோ இறுக்கிப் பிடித்தது போன்ற அழுத்தம் இருக்கும், அப்புறம் குறைந்துவிடும். முடி முழுவதும் மழிக்கத் தேவையில்லை. சின்னக் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள்.

ஃப்ரேமோடு எம்.ஆர்.ஐ., பல இடங்களில் சி.டி.யும். எம்.ஆர்.ஐ.யில் கட்டி நன்றாகத் தெரியும், ஆனால் படம் ஓரங்களில் லேசாக வளையலாம், சி.டி. அப்படி வளையாது. இரண்டையும் கணினியில் ஒன்றின் மேல் ஒன்று பொருத்துவார்கள். பிறகு சர்ஜன் ஊசியின் பாதையை வரைவார். எங்கிருந்து நுழைவது, எந்த மடிப்பைத் தவிர்ப்பது, எந்த இரத்தக் குழாய்க்கு விலகிப் போவது, கட்டியின் எந்த ஓரத்தில் சதை எடுப்பது எல்லாம் இங்கே முடிவாகும். கட்டியின் நடுப்பகுதி செத்துப்போயிருக்கலாம் என்பதால் ஒளிரும் ஓரத்திலிருந்தும் எடுப்பது வழக்கம்.

ஆபரேஷன் தியேட்டரில் நோயாளி பெரும்பாலும் விழித்தே இருப்பார். துளை போடும் சத்தம் தலைக்குள் கேட்கும். மூளைக்கு வலி தெரியாது. ஊசி இறங்குவதே தெரியவில்லை என்பார்கள். முதல் துணுக்கு வந்ததும் அது உடனே லேபுக்குப் போகும்.

அங்கே நடப்பதைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்க்கலாம், ஏனென்றால் எல்லாமே அதைப் பொறுத்துத்தான். குண்டூசித் தலை அளவு சதையை ஒரு கண்ணாடி ஸ்லைடின் மேல் வைத்து, இன்னொரு ஸ்லைடால் அழுத்தி இழுப்பார்கள். மூளைச் சதை மென்மையானது என்பதால் மெல்லிய படலமாகப் பரவும். சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் அரைமணி நேரத்துக்குள் முதல் பதில் கிடைக்கும். பரவிய புற்றுநோய்ச் செல்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு தெளிவான ஓரத்தோடு இருக்கும். மூளையிலேயே தோன்றும் கட்டியான கிளையோமாவில் மெல்லிய இழைகளின் பின்னணி தெரியும். லிம்ஃபோமாவில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக உதிர்ந்து கிடக்கும். காசநோயில் அழற்சிச் செல்கள் முடிச்சாகத் திரண்ட கிரானுலோமாவும், நடுவில் செத்த பகுதியும். பக்கத்திலேயே சதையை உறையவைத்து வெட்டிப் பார்க்கும் ஃப்ரோஸன் செக்‌ஷனும் செய்வதுண்டு.

இந்தப் பதில் மூன்று விதமாக வரலாம். “கார்சினோமா, பரவியதுதான்” என்று தெளிவாகச் சொன்னால் மேலே போகலாம். அதிலும் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய் போலத் தெரிந்தால் ஒரு நிமிஷம் நின்று ஆன்காலஜிஸ்ட்டைக் கூப்பிட வேண்டும். அந்த நோய்க்கு முழு மூளைக்கும் ரேடியேஷன் கொடுப்பது நீண்டகால வழக்கம், ரேடியோ சர்ஜரி மட்டும் போதுமா என்பது நோயாளிக்கு நோயாளி மாறும்.

வேறு ஏதோ என்று தெளிவாகச் சொன்னால் அன்றைய திட்டம் அங்கேயே முடிகிறது. கிளையோமாவின் தீவிர வகையான கிளையோபிளாஸ்டோமா என்றால் வழக்கமான சிகிச்சை ஆறு வாரத்தில் 30 தடவையாக 60 கிரே ரேடியேஷனும் டெமோசோலமைடு மாத்திரையும். ரேடியேஷனோடு ரேடியோ சர்ஜரியையும் சேர்த்துப் பார்த்த, அமெரிக்காவின் ஆர்.டி.ஓ.ஜி. என்ற ஆய்வுக் குழுவின் 93-05 ஆய்வில் ஆயுள் கூடவில்லை. லிம்ஃபோமா என்றால் அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்து. காசநோய் என்றால் மாதக்கணக்கில் மாத்திரை. சீழ் வந்தால் அந்த ஊசியிலேயே வடித்துவிட்டு ஆன்டிபயாடிக். இவை எதற்கும் ரேடியோ சர்ஜரி முதல் வைத்தியம் இல்லை.

மூன்றாவது, “உறுதியாகச் சொல்ல முடியவில்லை”. அப்போது வேறு ஆழத்திலிருந்து இன்னும் சில துணுக்குகள் எடுக்கலாம். அப்படியும் தெளியாவிட்டால் ஃப்ரேமைக் கழற்றிவிட்டு முழு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும். ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, கொடுத்துடுங்க’ என்று குடும்பம் கெஞ்சக்கூடிய நேரம் இது. கெஞ்சாதீர்கள். ஒரு வாரக் காத்திருப்பைப் பெரும்பாலான கட்டிகள் தாங்கும். தவறான இடத்தில் போன கதிரை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

படி 5: கதிர் கொடுப்பது

முதலில் ஒரு சி.டி. ஊசி போன பாதையில் இரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். ஊசிப் பயாப்ஸியில் பதில் கிடைக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல். அறிகுறி தரும் அளவு இரத்தக் கசிவு நூற்றில் சிலருக்கு வரலாம். மெலனோமா என்ற தோல் புற்றுநோய், சிறுநீரகப் புற்றுநோய் போன்றவற்றிலிருந்து பரவிய கட்டிகள் எளிதில் கசியும். கசிவு இருந்தால் கதிர் தள்ளிப்போகும்.

அதற்குள் நியூரோ சர்ஜன், ரேடியேஷன் ஆன்காலஜிஸ்ட், கதிரின் அளவைக் கணக்கிடும் மெடிக்கல் பிஸிசிஸ்ட் மூவரும் திட்டம் போட்டிருப்பார்கள். அளவு கட்டியின் பருமனைப் பொறுத்தது. 2000-ல் வெளியான ஆர்.டி.ஓ.ஜி. 90-05 ஆய்வு, முன்பே ரேடியேஷன் பெற்றவர்களுக்கு ஒரே தடவையில் 2 சென்டிமீட்டர் வரையுள்ள கட்டிக்கு 24 கிரே, 3 சென்டிமீட்டர் வரை 18, 4 சென்டிமீட்டர் வரை 15 என்ற எல்லைகளைக் கொடுத்தது. இன்றும் எல்லோரும் அதை ஒட்டியே பேசுகிறார்கள். கட்டி பெரிதாகப் பெரிதாக அளவு ஏன் குறைகிறது என்றால், சுற்றியுள்ள நல்ல மூளைக்குக் கசியும் கதிர் அதிகமாவதால். அதனால்தான் பெரிய கட்டிகளுக்கு மூன்று அல்லது ஐந்து தடவையாகப் பிரித்துக் கொடுப்பதும் உண்டு. பார்வை நரம்பும் மூளைத்தண்டும் பக்கத்தில் இருந்தால் கணக்கு இன்னும் கறாராகும்.

மெஷினுக்குள் வலி இல்லை, சூடு இல்லை. பாட்டு கேட்டுக்கொண்டே படுத்திருக்கலாம். நேரம் அரைமணியிலிருந்து சில மணி நேரம் வரை. காமா நைஃபில் கோபால்ட் சுமார் 5.27 வருஷத்துக்கு ஒருமுறை பாதி வலுவை இழக்கும் என்பதால், மூலங்கள் பழையதானால் அதே சிகிச்சைக்கு நேரம் கூடும். போய்ச்சேரும் அளவு மாறாது. முடிந்ததும் ஃப்ரேமைக் கழற்றி, திருகாணி இருந்த இடத்தில் கட்டுப் போடுவார்கள். நோயாளியிடமிருந்து யாருக்கும் கதிர் பரவாது. குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம்.

படி 6: அதற்குப் பிறகு

பயாப்ஸி சேர்ந்திருப்பதால் அன்றிரவு மருத்துவமனையிலேயே கண்காணிப்பில் வைப்பது நல்லது. தலைவலி கூடிக்கொண்டே போவது, வாந்தி, கைகால் புதிதாகத் தளர்வது, வலிப்பு, நினைவு மங்குவது: இவற்றில் எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு வந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். டெக்ஸா கொடுத்திருந்தால் திடீரென நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த நாட்களில் சர்க்கரை எகிறும். வீட்டில் தினமும் பார்த்துக் குறித்துவையுங்கள்.

ஒரு வாரத்தில் வரும் முழு ரிப்போர்ட்டை வாங்கி, அன்றைய முதல் பதிலோடு ஒத்துப்போகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒத்துப்போகாவிட்டால் சிகிச்சையின் அடுத்த கட்டமே மாறும். நுரையீரலிலிருந்து வந்தது என்றால் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., மார்பகம் என்றால் எச்.இ.ஆர். 2 போன்ற பரிசோதனைகளுக்குச் சதை மிச்சம் இருக்கிறதா என்பதும் முக்கியம். பொருத்தமான மாத்திரை அமைந்தால் மூளைக்கும் சேர்த்து வேலை செய்யக்கூடும். கதிர் பட்ட கட்டியிலிருந்து பிறகு இந்த அளவு நல்ல சதை கிடைக்காது, அதனால் முதலிலேயே போதுமான துணுக்குகள் எடுக்கச் சொல்வது தப்பில்லை.

கட்டி உடனே மறையாது. பரவிய கட்டி சுருங்க வாரங்கள், மாதங்கள் ஆகும். முதல் வருஷம் 2–3 மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும், கதிர் படாத வேறு இடத்தில் புதிதாக முளைக்கிறதா என்று பார்க்கவும்தான். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் அதே இடம் பெரிதாகித் தெரிந்தால், கட்டி திரும்பி வந்ததா, கதிரால் செத்த திசுவின் வீக்கமா என்ற கேள்வி எழும். பெர்ஃப்யூஷன் எம்.ஆர்.ஐ.யும் பெட் ஸ்கேனும் ஓரளவு பிரித்துக் காட்டும். முடியாவிட்டால் மறுபடி ஊசி. சில மையங்களில் அந்தத் துளை வழியாகவே சதை எடுத்துவிட்டு, லேசர் இழையை இறக்கி அந்த இடத்தைச் சூட்டில் சாகடிக்கிறார்கள். இந்த லேசர் சிகிச்சை செத்த திசு, திரும்பி வந்த கட்டி இரண்டுக்குமே பொருந்தும் என்பதால் அங்கே சேர்த்துச் செய்வதில் ஆபத்து குறைவு.

செலவைப் பொறுத்தவரை, பயாப்ஸியும் ரேடியோ சர்ஜரியும் காப்பீட்டில் தனித்தனி சிகிச்சைகளாகத்தான் பார்க்கப்படும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமானாலும் தனியார் காப்பீடானாலும், ஒரே நாளில் இரண்டும் செய்தால் இரண்டுக்கும் முன் அனுமதி உண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்னதாகவே எழுத்தில் வாங்குங்கள். பதில் வேறாக வந்து கதிர் ரத்தானால் கட்டிய பணம் என்னவாகும் என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரியும் ஸ்கேன் படங்கள் பதிந்த வட்டும் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவது வழக்கம். இன்னும் இரண்டு வாங்க வேண்டும். ஒன்று, சதையின் ஸ்லைடும் மெழுகு பிளாக்கும். வேறு பேத்தாலஜிஸ்ட்டிடம் இரண்டாவது கருத்து கேட்கவும், பிறகு புதிய மரபணுப் பரிசோதனை செய்யவும் அதுதான் வேண்டும். மற்றது, ரேடியோ சர்ஜரியின் முழுத் திட்டக் கோப்பு. எந்த இடத்துக்கு எவ்வளவு கிரே போனது என்ற வரைபடம் அதில் இருக்கும். நாளை வேறு ஊரில், வேறு மெஷினில் மறுபடி கதிர் கொடுக்க வேண்டி வந்தால், அந்தப் பிஸிசிஸ்ட் முதலில் கேட்பது அதைத்தான்.